வறட்சிக் காலத்தில் நீர்க் கணக்கு

திருவள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்கே அளித்தார். அதன் பொருளை நம் கடலூர் மாவட்டத்தாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலை நோக்கிப் பாயும் இந்தத் தாழ்ந்த பூமி வெள்ளக்காடாயிற்று. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. படகில் போய் மக்களை மீட்ட ஊர்களில், 13 மாதம் கழித்துக் குடங்கள் வரிசையில் நின்றன.

வறட்சி வந்தால் தண்ணீர் குறையும், பேச்சு பெருகும். குழாயடியிலும் பேருந்திலும் ஆளுக்கொரு கருத்து கேட்கலாம். "நம் ஏரித் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது" என்பார் ஒருவர். "சுரங்கம் இறைத்துத் தள்ளுகிறது" என்பார் மற்றொருவர். "காசில்லாத மின்சாரம் என்று விவசாயி மோட்டாரை நிறுத்துவதே இல்லை" என்பார் மூன்றாமவர். "எல்லாருக்கும் மீட்டர் வைத்து, அரசாங்கம் கண்காணித்துத் தண்டிக்க வேண்டும்" என்று முடிப்பார் நான்காமவர். இக்கருத்துகளில் எவ்வளவு உண்மை உள்ளது? கண்காணிப்பதாயின், யார் யாரை, எந்தச் சட்டப்படி கண்காணிப்பது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வீராணம் தரும் நீர்

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் பரந்து கிடக்கும் வீராணம் ஏரிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் இதை வெட்டுவித்தான் என்பர். பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பெயர் உண்டு. வீரநாராயண ஏரி என்பதே மருவி வீராணம் ஆயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில்தான்.

மழைநீரை மட்டும் நம்பி இந்த ஏரி நிரம்புவதில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் இங்கு வருகிறது. மேட்டூரில் நீர் இல்லையென்றால் வீராணத்திலும் இல்லை. காவிரிப் பாசனத்தின் கடைமடை நாம். மேலே இருப்பவர் எல்லாரும் எடுத்தது போக எஞ்சியதே நமக்கு.

ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறத்தாழ 2,830 கோடி. ஆகவே நிரம்பிய வீராணத்தில் சுமார் 4,150 கோடி லிட்டர் நீர் நிற்கும். 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்படி, சேத்தியாத்தோப்பில் இறைக்கப்படும் நீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 230 கி.மீ. குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்ட அளவு.

இப்போது முதற் கருத்தை எடைபோட்டுப் பார்க்கலாம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. அந்தக் கணக்கில் 18 கோடி லிட்டர் என்பது 13 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் அன்றாடத் தேவை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு ரயிலில் போனது 25 லட்சம் லிட்டர். வீராணம் குழாயின் ஒரு நாள் அளவைச் சுமக்க அப்படி 72 ரயில்கள் வேண்டும். ரயிலுக்கு மாலை போட்டார்கள். மண்ணுக்கடியில் ஓடும் குழாய் யார் கண்ணிலும் படவில்லை.

அதே சமயம் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் ஆகிறது என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வெயிலும் சும்மா இருப்பதில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், 50 லட்சம் லிட்டர் வானத்துக்குப் போய்விடும். அதாவது இரண்டு ரயில் தண்ணீர்! ஆகவே "சென்னைதான் குடித்துவிட்டது" என்பது முழு உண்மையும் அல்ல. முழுப் பொய்யும் அல்ல. ஏரியில் வந்தது எவ்வளவு, வயலுக்குப் போனது எவ்வளவு, குழாயில் போனது எவ்வளவு, வெயில் குடித்தது எவ்வளவு என நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரே தீர்ப்புச் சொல்ல முடியும்.

நிலத்துக்கடியில் ஓர் ஏரி

வீராணத்தைக் கண்ணால் காணலாம். அதைவிடப் பெரிய நீர்நிலை நம் காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. நிலவியல் அறிஞர்கள் நம் ஊர்ப் பெயராலேயே 'கடலூர் மணற்கல்' என்று ஒரு பாறை வகையை அழைக்கிறார்கள். திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள் இந்தப் பாறையில் புதைந்தவையே. மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த இந்த அடுக்குகளில், களிமண் மூடியின்கீழ் அகப்பட்ட நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. துளையிட்டால் தானே பீறிட்டு எழும் ஊற்றுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-இல் சுரங்க வேலை ஆரம்பமாயிற்று. ஆனால் நிலக்கரிக்கு அடியில் அழுத்தமுள்ள நீர் இருந்ததால் பெரிய இடையூறு ஏற்பட்டது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையையே நீர் பிளந்துகொண்டு வெளிவரும். எனவே சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் இட்டு இரவும் பகலும் நீரை இறைக்க வேண்டியதாயிற்று. இன்றும் இறைக்கிறார்கள்.

இறைத்த நீர் எங்கே போகிறது? அனல் மின் நிலையங்களுக்கு ஒரு பகுதி. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களுக்கு ஒரு பகுதி. 2017 வறட்சியில் நெய்வேலி நீர் சென்னையின் குடிநீருக்கும் உதவியது. ஆகவே "வீணாய்க் கடலில் விடுகிறார்கள்" என்ற பேச்சு சரியன்று. ஆனால் சுற்றுப்புறக் கிராமத்தார் தங்கள் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழமாகின்றன என்று சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. ஒரே மணற்கல்லில் சுரங்கமும், தொழிற்சாலையும், நகராட்சியும், உழவரும் துளையிட்டிருக்கிறார்கள். ஒரே பானையில் பல உறிஞ்சு குழல்கள் வைத்தாற்போல!

கடற்கரைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நன்னீர் உப்புநீரைவிடக் கனம் குறைந்தது. ஆதலால் மணலுக்குள் அதன்மீது மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்புநீரின் எல்லை 40 அடி வரை மேலேறக்கூடும். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது, தேவனாம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் ஒரே நாளில் கிணறுகள் உப்பாயின. அந்தப் பேரலை எல்லார் கண்ணிலும் பட்டது. மோட்டார் போட்டு இறைப்பதால் மெல்ல மெல்ல ஏறும் உப்போ, நாக்கில் தட்டும் வரை தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்? ஆங்கிலேயர் காலத்து 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது. அது ஏற்றமும் கவலையும் இருந்த காலம். மாடுகள் களைத்தால் இறைப்பும் நிற்கும். இன்று நீர்மூழ்கி மோட்டார் களைப்பதில்லை. 1990 முதல் தமிழக விவசாயிகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. எனவே மூன்றாம் கருத்துக்காரர் சொன்னது மெய்யா பொய்யா என்று சொல்ல வழியே இல்லை. அளக்காத ஒன்றைப் பற்றி விவசாயியைக் குற்றம் சாட்டுவதும் அநியாயம். "அவர் ஒரு துளி வீணாக்கவில்லை" என்று சாதிப்பதும் பொருந்தாது. நமக்குச் சோறு போடுபவர் அவர். விதைத்த பயிர் காய்கிற நேரத்தில் மோட்டாரை நிறுத்து என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சென்னையைச் சுற்றிக் கிணறு தோண்டுவதையும் லாரியில் நீர் விற்பதையும் கட்டுப்படுத்த 1987-இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்குமாக 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்து பலன் தருமுன்னே 2013-இல் நீக்கப்பட்டது. அதே 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று பிறப்பித்த ஆணையோ வீடுதோறும் பரவியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மழைநீர்ச் சட்டம் "சேர்த்து வை" என்றது, மக்கள் கேட்டார்கள். மற்றது "எடுப்பதைக் கணக்குக் காட்டு" என்றது; அது எழுந்து நிற்கவேயில்லை. சேர்ப்பதைவிடக் கணக்குக் காட்டுவது மனிதருக்குக் கடினம் போலும்!

கருவிகள் வந்துவிட்டன

சட்டம் தூங்கினாலும் விஞ்ஞானம் தூங்கவில்லை. பழங்காலத்தில் ஏரியின் மதகைத் திறந்து மூடி, நீரை முறை வைத்துப் பங்கிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருடைய கண்ணும் காலுமே கருவிகள். இன்று ஏரி மட்டத்தை அளவுகோல் காட்டுகிறது. நிலத்தடி மட்டத்தை, இதற்கென்றே இறக்கிய கண்காணிப்புக் குழாய்களில் அளந்து எழுதுகிறார்கள்.

வானிலிருந்தும் அளக்கிறார்கள். 2002-இல் 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின. கீழே நிறை அதிகமுள்ள இடம் வந்தால் முன்னே செல்வது சற்று அதிகமாக இழுக்கப்படும். இடைவெளி மயிரிழை மாறும். அந்த மாற்றத்தை அளந்து, நிலத்தடியில் நீர் கூடியதா குறைந்ததா என்று கணக்கிட்டார்கள். 2018-இல் அவற்றின் வாரிசுகள் ஏவப்பட்டன. ஆனால் இந்த வானத்துக் கண்ணுக்கு உங்கள் வீட்டுக் கிணறு தெரியாது. பல நூறு கிலோமீட்டர்ப் பரப்பைத்தான் ஒரு சேரக் காணும்.

வீட்டைக் காணும் கருவியும் வந்துவிட்டது. புதிய வகைத் தண்ணீர் மீட்டர்கள், மணிக்கு எத்தனை லிட்டர் என்று குறித்துத் தாமே அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். கசிவைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் சற்று யோசியுங்கள், தோழியரே! அந்த எண்கள் தண்ணீரைப் பற்றி மட்டுமா சொல்கின்றன? இந்த வீட்டார் காலை எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை, எப்போது விருந்தாளி வந்தார், எந்த இரவில் நோயாளிக்காக யாரோ மூன்று முறை எழுந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நீரைப் பார்க்கச் சென்ற கண், வீட்டைப் பார்த்துவிடுகிறது.

கண்காணிப்புக்கு எல்லை

இங்கேதான் நான்காம் கருத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபத்துக் காலத்தில் அரசு கண்காணிக்க அதிகாரம் கோருவது புதிதல்ல. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், பொது நெருக்கடியிலும் பொதுமக்கள் பாதுகாப்புக்காகவும் செய்திகளை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. தொலைபேசி ஒட்டுக் கேட்பதும் அதன் கீழேயே நடந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. உயர் அதிகாரியே எழுத்தால் உத்தரவிட வேண்டும். உத்தரவுக்குக் கால எல்லை வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு குழு வேண்டும் என்றது. தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டபோதும், இடைமறிக்கும் அதிகாரம் அதில் இடம்பெற்றது.

2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான தேவை இருக்க வேண்டும். தலையீடு தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் தண்ணீர் மீட்டரிடமும் கேட்கலாம். மாதத்துக்கு ஒரு முறை மொத்த லிட்டர் தெரிந்தால் போதும் என்னும்போது, மணிக்கு மணி எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் நமக்கு ஒரு பாடம். 2018-இல் கடும் வறட்சியில், குழாய்கள் நிறுத்தப்படும் நாள் நெருங்குகிறது என்று அந்நகரம் அறிவித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளவு வைத்தது. சிக்கனமாய் இருக்கும் வீடுகளைப் பச்சைப் புள்ளியால் குறித்து, எல்லாரும் பார்க்க ஒரு வரைபடமும் வெளியிட்டது. மக்கள் ஒத்துழைத்தார்கள், மழையும் வந்தது, அந்தக் கொடிய நாள் வரவில்லை. ஆயினும் பச்சைப் புள்ளி இல்லாத வீட்டை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அந்த வீட்டில் பத்துப் பேர் இருந்திருக்கலாம். படுக்கையில் ஒரு முதியவர் இருந்திருக்கலாம். புள்ளிக்கு அது தெரியாது.

உத்தரமேரூர் காட்டும் வழி

அப்படியானால் வழி என்ன? அதைத் தேடித் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. வீராணம் எந்த மன்னன் காலத்தில் வெட்டப்பட்டதோ, அதே பராந்தகனின் ஆட்சிக் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடத்தில் ஓலை இட்டு வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் ஆறு பேர். பதவிக் காலம் 360 நாட்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது!

அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. அதை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு பேருண்மையை அவர்கள் கண்டிருந்தார்கள். ஏரியைக் காக்க ஒருவரை நியமித்தால் மட்டும் போதாது. காப்பவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

இன்றைய நிலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் நமக்கு வேண்டியது தெளிவாகும். அதிகம் எடுப்பவரிடமிருந்து அளவைத் தொடங்க வேண்டும். நகரக் குழாயும் சுரங்கமும் தொழிற்சாலையும் நாள்தோறும் எடுக்கும் அளவு ஊரறிய எழுதப்பட வேண்டும். உழவரின் கிணற்றை அளப்பது அவரைத் தண்டிப்பதற்காக அல்லாமல், கோடையில் எத்தனை ஏக்கர் தாங்கும் என்று அவருக்கே சொல்வதற்காக இருக்க வேண்டும். வீட்டு மீட்டரின் விவரம் வீட்டாருக்கும் கட்டணம் எழுதுபவருக்கும் மட்டும் உரியது. சுருங்கச் சொன்னால், பொது நீரின் கணக்கு பொதுவில் இருக்கட்டும். வீட்டு நீரின் கணக்கு வீட்டில் இருக்கட்டும்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தமிழகம் 1997-இலேயே இயற்றியது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. நம் ஏரியிலிருந்து சென்ற மாதம் எவ்வளவு நீர் எங்கே போனது என்று எழுதிக் கேட்க எந்தக் குடிமகளுக்கும் உரிமை உண்டு.

தோழியரே! நாம் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி. செய்தித்தாளில் அன்றாட மட்டம் வரும்போது அதைக் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ திறந்த கிணறு இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். சிதம்பரத்தில் இருப்பவர்கள் வக்காரமாரிக் குளங்களில் நீர் எப்போது நிரம்புகிறது, எப்போது குறைகிறது என்று பாருங்கள். ஓராண்டு எழுதினால் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பதிந்திருக்கும். அடுத்த வறட்சியில் குழாயடிப் பேச்சு எழும்போது, வெறும் கருத்தோடு நிற்பவர் நடுவே எண்ணோடு நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

மழை நம் கையில் இல்லை. வந்த நீருக்குக் கணக்கு வைப்பதும், கணக்கு வைப்பவரிடம் கணக்குக் கேட்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.